குளிக்க முடியுமா, உடுத்த முடியுமா? – முதுமையை அளந்த கதை

போன வருஷம் ஆவணி மாதத்தில் எங்கள் அப்பாயி கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் நடந்தது. எட்டாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பாருங்க, அருமையா சேர்ந்திருக்கு" என்றார். எங்களுக்கும் சந்தோஷம்தான்.

கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள் இரண்டரைப் பக்கம். ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, உள்ளே வைத்த கம்பியின் நீளம் எவ்வளவு, எல்லாம் அதில் இருந்தது. அன்று ராத்திரி பதினோரு மணிக்கு அப்பாயி, "ஒண்ணுக்குப் போகணும்" என்றபோது வீட்டில் நாலு பேர் முழித்துக்கொண்டு நின்றோம். அவரால் எழுந்து உட்கார முடியுமா? நிற்க முடியுமா? எத்தனை பேர் பிடிக்க வேண்டும்? அந்த இரண்டரைப் பக்கத்தில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு பிசியோதெரபிஸ்ட் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கினார். மூன்று மீட்டர் அளந்து தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். "பாட்டி, எழுந்து, வாக்கரைப் பிடிச்சிட்டு அந்தக் கோடு வரைக்கும் போய், திரும்பி வந்து உட்காருங்க" என்று சொல்லிவிட்டு மொபைலில் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். 52 வினாடி. குறித்துக்கொண்டார்.

அப்பாயி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "எத்தனை மார்க்கு தம்பி போட்ட?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வயதானவர்களுக்கு இப்படி மார்க் போடுகிற வழக்கத்தை யார் ஆரம்பித்தது? எதற்காக? நான் பி.காம் படிக்கிறவன், மருத்துவம் தெரியாது. ஆனால் அளப்பது, மதிப்பிடுவது, அந்த மதிப்பை வைத்துப் பணம் கொடுப்பது என்று வந்துவிட்டால் அது கொஞ்சம் எங்கள் ஏரியாவும்தான் :-)

மனித உடம்பின் பலத்தை அளக்கும் ஆசை பழையது. 1798-ல் பிரான்சில் எட்மே ரெஞ்னியே என்பவர் வில்கம்பி வைத்த ஒரு பலமானியைச் செய்து வெளியிட்டார். கையால் அழுத்தினால் முள் நகரும். 1884-ல் லண்டனில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் பிரான்சிஸ் கால்டன் ஒரு அளவைக்கூடம் போட்டார். மூன்று பென்னி கொடுத்துவிட்டு உள்ளே போனால் உயரம், எடை, பார்வை, கைப்பிடி பலம் எல்லாம் அளந்து ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். 9,337 பேர் அளந்துகொண்டார்கள். நம்மூர் பொருட்காட்சியில் எடை மெஷினில் காசு போட்டு அட்டை எடுப்பது ஞாபகம் வருகிறதா? அதேதான், இன்னும் கொஞ்சம் விரிவாக.

ஆனால் கைப்பிடி பலம் இத்தனை பவுண்டு என்று தெரிந்துகொள்வது வேறு, ஒரு கிழவியால் தானாக எழுந்து கழிப்பறைக்குப் போக முடியுமா என்று தெரிந்துகொள்வது வேறு. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. காரணம், கேட்பதற்கான தேவையே எழவில்லை. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களைப் படுக்கையில் போட்டு வைப்பார்கள். படுக்கைப் புண்ணோ நிமோனியாவோ வந்து பெரும்பாலானவர்கள் இறந்துபோவார்கள். ஏழைகளாக இருந்தால் அந்தப் படுக்கையும் ஏழைகள் விடுதியில்தான்.

1935-ல் லண்டனுக்கு மேற்கே ஐல்வர்த்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்தில் இருந்த அப்படிப்பட்ட ஒரு விடுதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கே வருஷக்கணக்கில் படுத்தே கிடந்த 714 நோயாளிகள் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரின் பொறுப்பில் வந்தார்கள். அவர் செய்தது கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். ஒவ்வொருவரையும் பரிசோதித்து வகை பிரித்தார். யார் நடக்க முடிந்தவர், யாருக்குக் கட்டுப்பாடு இல்லை, யார் குழம்பிப் போயிருக்கிறார், யாரை எழுப்பி உட்கார வைக்கலாம் என்று. பிறகு எழுப்பி உட்கார வைத்தார். பலர் நடந்தார்கள், சிலர் வீட்டுக்கே போனார்கள். இத்தனை வருஷம் அவர்கள் படுத்துக் கிடந்ததற்கு நோய் ஒரு காரணம், யாரும் எழுந்திருக்கச் சொல்லாதது இன்னொரு காரணம்.

வாரன் வகை பிரித்தார், ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி பயன்படுத்துகிற அளவுகோல் ஒன்றை விட்டுப்போகவில்லை. அது பிறந்த இடம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாண்டு.

இடையில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. முறிந்த இடுப்பு எலும்பில் உலோக ஆணி அடித்து இணைக்கும் முறையை பாஸ்டன் மருத்துவர் ஸ்மித் பீட்டர்சன் 1931-ல் வெளியிட்டார். பென்சிலினும் வந்துவிட்டது. அதனால் முறிவு ஏற்பட்டவர்கள் பிழைக்க ஆரம்பித்தார்கள். பிழைத்த பிறகு என்ன? அங்கேதான் சிக்கல். இரண்டு பேருக்கு ஒரே எலும்பு, ஒரே ஆணி, ஒரே மாதிரி எக்ஸ்ரே. ஒருவர் மூன்று மாதத்தில் கடைக்குப் போகிறார், மற்றவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. நோயின் பெயரும் எக்ஸ்ரேயும் இந்த வித்தியாசத்தைச் சொல்லவில்லை.

கிளீவ்லாண்டில் பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனையில் சிட்னி காட்ஸ் என்ற இளம் மருத்துவரும் அவருடைய குழுவும் இடுப்பு முறிந்த முதியவர்களை நாள்தோறும் கவனித்துக் குறித்துக்கொண்டு வந்தார்கள். 1959-ல் வந்த அவர்களுடைய கட்டுரையில் ஆசிரியர் என்று 'பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனை ஊழியர்கள்' என்றே போட்டிருக்கும். எனக்குப் பிடித்த விஷயம் இது. ஒரு கிழவர் இன்று தானாக வேட்டி கட்டினாரா என்பதை நர்ஸும் ஆயாவும்தானே பார்க்கிறார்கள், பெரிய டாக்டரா பார்க்கிறார்? (அவர் பேண்ட்தான் போட்டிருப்பார், சரி.) 1963-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அந்த அளவுகோல் முழு வடிவில் வந்தது. அன்றாடச் செயல்களின் குறியீடு என்று சொல்லலாம்.

அதில் ஆறே ஆறு கேள்விகள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் 'தானாகச் செய்கிறார்' அல்லது 'உதவி தேவை' என்று இரண்டே பதில். ஆறும் தானாகச் செய்தால் முதல் எழுத்தான 'ஏ', ஆறுக்கும் உதவி வேண்டும் என்றால் 'ஜி'. நடுவில் மற்ற எழுத்துகள்.

இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு, ஆறு கேள்வியை யாரும் எழுதலாமே என்றுதான் நானும் நினைத்தேன். விஷயம் வரிசையில் இருக்கிறது. திறன்கள் தாறுமாறாகப் போவதில்லை. பெரும்பாலும் முதலில் போவது தானாகக் குளிப்பது. பிறகு உடுத்துவது, கழிப்பறை, எழுந்து மாறுவது, அடக்குவது. கடைசி வரை நிற்பது சாப்பிடுவது. குணமாகும்போது இதே வரிசை தலைகீழாகத் திரும்பி வருகிறது: முதலில் தானாகச் சாப்பிடுவார், எல்லாவற்றுக்கும் பிறகுதான் தானாகக் குளிப்பார். ஒரு குழந்தை வளரும்போது இந்தத் திறன்களைக் கற்றுக்கொள்கிற வரிசையோடு இது ஒத்துப்போகிறது என்று காட்ஸ் குழுவே எழுதியது. பெரியவர்களை 'ரெண்டாவது குழந்தைப் பருவம்' என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதை ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் வைத்து இவர்கள் சரிபார்த்திருக்கிறார்கள்.

அதனால்தான் ஒரே ஒரு எழுத்து அவ்வளவு செய்தியைச் சுமக்கிறது. 'சி' என்று எழுதினால் குளிப்பதற்கும் இன்னும் ஏதோ ஒன்றுக்கும் உதவி தேவை, மற்ற நான்கையும் தானே செய்கிறார் என்று பொருள். எங்களிடம் கொடுத்த இரண்டரைப் பக்கத்தில் அந்த ஒரு எழுத்து இருந்திருந்தால் முதல் ராத்திரி நாலு பேர் முழித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டோம்.

விதிகள் இன்னும் சுவாரசியம். முதுகை மட்டும் யாராவது தேய்த்துவிட்டால் பரவாயில்லை, அது தானாகக் குளித்த கணக்குதான். ஷூ கயிறு கட்டத் தெரியவில்லை என்றால் அது உடுத்தும் கணக்கில் சேராது. தட்டில் இருக்கிற இறைச்சியை யாராவது வெட்டிக் கொடுத்தால் சாப்பிடும் கணக்கு கெடாது. ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்று மேற்பார்வை பார்த்தாலே அது 'உதவி தேவை'. எல்லாவற்றையும் விட முக்கியமான விதி: ஒருவரால் முடியும் என்று தோன்றினாலும், அவர் செய்ய மறுத்தால் அது செய்யாத கணக்குதான். அதாவது காட்ஸ் அளந்தது 'முடியுமா' என்பதை அல்ல, 'செய்கிறாரா' என்பதை.

இந்த விதியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் முதல் இரண்டு மாதம் அப்பாயிக்கு அத்தைதான் குளிப்பாட்டிவிட்டார், புடவை கட்டிவிட்டார், தலை சீவினார். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் பாதி காரணம் அவசரம். அப்பாயி தானாகக் கட்டினால் அரை மணி நேரம் ஆகும், அத்தை கட்டினால் ஐந்து நிமிஷம். காட்ஸ் கணக்கில் அப்பாயி 'உடுத்த உதவி தேவை' என்ற கட்டத்தில் இருந்தார். அவர் அந்தக் கட்டத்தில் இருந்ததற்கு இடுப்பு எவ்வளவு காரணம், எங்கள் அவசரம் எவ்வளவு காரணம்? அந்த எழுத்து அதைப் பிரித்துச் சொல்லாது.

காட்ஸுக்கு இரண்டு வருஷம் கழித்து, 1965-ல், மேரிலாந்து மாநில மருத்துவ இதழில் இன்னொரு அளவுகோல் வந்தது. டோரதியா பார்தெல் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் புளோரன்ஸ் மஹோனி என்ற மருத்துவரும் எழுதியது. இன்றும் பக்கவாதப் பிரிவுகளில் உலகம் முழுக்கப் புழங்குகிற பெயர் பார்தெல்தான். பத்து செயல்கள், மொத்தம் 100 மார்க். படுக்கையிலிருந்து மாறுவதற்கு 15, நடப்பதற்கு 15, குளிப்பதற்கு 5, இப்படி. ஏன் நடப்பதற்கு 15, குளிப்பதற்கு 5? உதவி செய்கிறவருக்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் ஆகும் என்பதை வைத்து எடை போட்டிருக்கிறார்கள். விலைவாசிக் குறியீட்டில் அரிசிக்கு ஒரு எடை, சோப்புக்கு ஒரு எடை போடுவோமே, அதே வேலை.

புள்ளியியல் பாடம் நடத்திய எங்கள் சார் எப்போதும் சொல்வார், கூட்டுத்தொகையை நம்பாதே, உள்ளே பார் என்று. போட்டுப் பார்த்தேன். ஒரு பெரியவர் நடக்கிறார் (15), எழுந்து மாறுகிறார் (15), மாடி ஏறுகிறார் (10), சாப்பிடுகிறார் (10). ஆனால் ஞாபகம் குழம்பிப்போய், சிறுநீர் மலக் கட்டுப்பாடு இல்லை, உடுத்த, குளிக்க, முகம் கழுவ எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். மொத்தம் 50. இன்னொரு பாட்டி, மூளை கூர்மை, தானே சாப்பிடுகிறார் (10), தலை வாருகிறார் (5), உடுத்துகிறார் (10), இரண்டு கட்டுப்பாடும் சரி (20), கட்டிலில் எழுந்து உட்கார்கிறார், ஆனால் அதைத் தாண்டி மாற இரண்டு பேர் தூக்க வேண்டும் (5). அவருக்கும் 50. முதலாமவர் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விடாமல் நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும். இரண்டாமவர் கட்டிலை விட்டு நகரவே மாட்டார். ஒரே மார்க், இரண்டு வெவ்வேறு வீடுகள், இரண்டு வெவ்வேறு செலவுகள். 100 மார்க் வாங்கியவர்கூடத் தனியாக வாழ முடியும் என்று பொருள் இல்லை, அவருக்குச் சமைக்கத் தெரியாமல் இருக்கலாம் என்று பார்தெல் விதிகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அதைச் செய்தவர்களுக்கு அதன் எல்லை தெரிந்திருந்தது. பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் மறந்துபோகிறது.

அந்தச் சமையல் குறையை நிரப்பியது 1969. பிலடெல்பியா முதியோர் மையத்தைச் சேர்ந்த பவல் லாட்டன், எலைன் பிராடி இருவரும் இன்னொரு பட்டியலைக் கொண்டுவந்தார்கள். தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பயணம், மருந்தைச் சரியாகச் சாப்பிடுவது, பணம் கையாள்வது. மொத்தம் எட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்வது ஒரு படி, வீட்டை நடத்துவது அதற்கு மேற்பட்ட படி என்ற நல்ல யோசனை.

இதில்தான் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. பெண்களுக்கு எட்டு மார்க், ஆண்களுக்கு ஐந்து! சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது மூன்றும் ஆண்களுக்குக் கணக்கில் எடுப்பதில்லை. வாழ்நாளில் அடுப்படிப் பக்கம் போகாத தாத்தாவுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்றால் அது முதுமையால் வந்த இயலாமை ஆகாது, அவருக்கு எப்போதுமே தெரியாது. அந்தக் காலத்துக்கு நியாயமான காரணம்தான். ஆனால் இதன் இன்னொரு பக்கம், மனைவி போன பிறகு பட்டினி கிடக்கிற தாத்தா ஐந்துக்கு ஐந்து வாங்கி 'முழுத்திறன்' என்று நிற்பார். பிற்காலத்தில் பல இடங்களில் இருபாலருக்கும் எட்டையுமே கேட்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் அப்பாயிக்கு இந்தப் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டே தெருவில் நடத்துகிற ஏலச்சீட்டுக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் சொல்கிறார். நான் எழுதின வரவு செலவில் 200 ரூபாய் தப்பைக் கண்டுபிடித்தவர். பணம் கையாளும் மார்க் முழுசாக உண்டு. போனில் நம்பர் போடத் தெரியாது, வந்தால் எடுத்துப் பேசுவார். லாட்டன் விதிப்படி அதற்கும் ஒரு மார்க் உண்டு! அன்றைக்குத் தானாகக் குளிக்க முடியாதவர், சீட்டு நடத்தினார். 'முதலில் வீட்டை நடத்தும் திறன் போகும், பிறகுதான் உடம்பைப் பார்க்கும் திறன்' என்கிற பாடநூல் வரிசை எங்கள் வீட்டுக் கட்டிலில் தலைகீழாகக் கிடந்தது.

ஊருக்கு ஊர் பட்டியல் மாற வேண்டும் என்பதை நம் நாட்டிலேயே ஒருமுறை கண்டார்கள். ஹரியானாவில் பல்லப்கர் என்ற கிராமப்புறப் பகுதியில் மறதி நோயைப் பற்றி இந்திய அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து ஆய்வு செய்தபோது, தொலைபேசியும் வங்கிக் கணக்கும் இல்லாத, எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களிடம் அமெரிக்கக் கேள்விகளைக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தது. மருமகள் வந்த பிறகு மாமியார் சமைப்பதை விட்டுவிடுவது அங்கே வழக்கம், இயலாமை இல்லை. அதனால் அந்த ஊர் வாழ்க்கைக்கு ஏற்ற தனிப் பட்டியலை உருவாக்கி 1999-ல் வெளியிட்டார்கள்.

இனி நாற்காலிக்கு வருவோம். கேள்வி கேட்டு எழுதுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. திருப்பூரிலிருந்து சித்தப்பா போன் பண்ணி, "அம்மாவால தனியா முடியுதா இல்லையா?" என்று கேட்டார். கடைக்குப் போய்விட்டு ராத்திரி வருகிற அப்பா, "முடியுது, பரவாயில்ல" என்றார். அம்மா, "எங்க முடியுது?" என்றார். கட்டிலிலிருந்து அப்பாயி, "எனக்கு எல்லாம் முடியும், நீ வேலையப் பாருடா" என்று கத்தினார். மூன்று பேர், மூன்று பதில். ஹோம் நர்ஸ் வைப்பதா வேண்டாமா, மாதம் யார் எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் இந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. முடிவாகும் வரை அம்மா தன் தையல் வேலையை நிறுத்திவைத்தார்.

கேட்காதே, செய்யச் சொல்லிப் பார் என்ற வழி இதற்காகத்தான் வந்தது. 1986-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மத்தையஸ், நாயக், ஐசக்ஸ் என்ற மூவர், நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லி, பார்த்து 1 முதல் 5 வரை மார்க் போட்டார்கள். பார்க்கிறவர் கண்ணுக்குக் கண் மார்க் மாறியது. 1991-ல் கனடாவின் மாண்ட்ரீலில் போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற இருவர் அதில் ஒரு கடிகாரத்தை மட்டும் சேர்த்தார்கள். மூன்று மீட்டர், கைப்பிடி நாற்காலி, வினாடி எண்ணிக்கை. எங்கள் கூடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு நடந்தது இதுதான். 20 வினாடிக்குள் என்றால் பெரும்பாலும் தானாக நடமாடுகிறவர், 30-க்கு மேல் என்றால் பல வேலைகளுக்கு ஆள் வேண்டும் என்பது அவர்கள் கண்டது. அப்பாயியின் 52 எங்கே நிற்கிறது என்று புரிகிறதல்லவா.

இதையே பெரிய அளவில் செய்தவர்கள் அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தினர். கிழக்கு பாஸ்டன், அயோவா, நியூ ஹேவன் மூன்று இடங்களில் 71 வயது கடந்த 5,000-க்கும் மேற்பட்டவர்களின் வீடுகளுக்கே போய்ச் சோதித்தார்கள். மூன்று விதமாகக் காலை வைத்து நிற்பது, எட்டு அடி நடப்பது, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுவது. ஒவ்வொன்றுக்கும் நான்கு மார்க், மொத்தம் 12. எட்டு அடி என்றால் யார் வீட்டுக் கூடத்திலும் கிடைக்கும் தூரம்தானே. ஜாக் குரால்னிக்கும் சக ஆய்வாளர்களும் இதை 1994-ல் வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் வந்த கட்டுரைதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. எந்த இயலாமையும் இல்லை என்று தாங்களே சொன்ன 1,122 பேரை எடுத்து நான்கு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். சோதனையில் 4 முதல் 6 வரை மட்டும் வாங்கியவர்கள், 10-க்கு மேல் வாங்கியவர்களை விட நான்கு மடங்குக்கும் அதிகமாக இயலாமைக்கு ஆளாகியிருந்தார்கள். 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று வாய் சொன்னபோதே கால் வேறு பதில் சொல்லியிருக்கிறது.

2011-ல் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்து, 65 வயது கடந்த 34,485 பேரின் நடை வேகத்தையும் ஆயுளையும் ஒப்பிட்டார்கள். வேகமாக நடந்தவர்கள் அதிக நாள் வாழ்ந்திருந்தார்கள். வினாடிக்கு 0.8 மீட்டர் என்பது அந்தந்த வயதினரின் சராசரி ஆயுளுக்கு நெருக்கமான வேகம். இதன் பக்கத்தில் இன்னொரு எண்: இங்கிலாந்தில் சாலை கடக்கும் சிக்னல்கள் வினாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடப்பட்டிருந்தன. 2012-ல் வந்த ஆய்வு ஒன்று, 65 வயது கடந்த ஆண்களில் 84 சதவீதமும் பெண்களில் 94 சதவீதமும் அந்த வேகத்தில் நடக்கவில்லை என்றது. சிக்னல் யாரை அளந்து போட்டார்களோ!

நம் நாட்டிலும் இது புதிதல்ல. இந்தியாவிலேயே முதல் முதியோர் மருத்துவப் பிரிவு சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-ல் டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியால் தொடங்கியது. 2017-18-ல் நடந்த தேசிய அளவிலான முதுமை ஆய்வில் 45 வயது கடந்த 72,000-க்கும் அதிகமானவர்களிடம் கேள்விகளோடு கைப்பிடி பலம், நடை வேகம், சமநிலை எல்லாம் அளந்தார்கள். ஆனால் நாற்காலியே இல்லாத வீடுகளுக்குப் பொருத்தமானது எனக்குப் பிரேசில் சோதனையாகத்தான் தெரிகிறது. கிளாடியோ அராவுஜோ என்ற மருத்துவர், தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி, கையோ முட்டியோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் குறைத்து, பத்துக்கு மதிப்பெண் போட்டார். 2,002 பேரைச் சோதித்த முடிவு 2012-ல் வந்தது. மார்க் குறைந்தவர்களில் இறப்பு அதிகம். எங்கள் அப்பாயி விழுவதற்கு முந்தின நாள் வரை தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார், ஒரு கையை மட்டும் ஊன்றி எழுந்துவிடுவார்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். 1996-ல் அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு சட்டம் வந்தது. அதன் வழியாக வருமான வரிச் சட்டத்தில் 7702பி என்ற பிரிவு நுழைந்தது. நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில் வரிச் சலுகையோடு பணம் பெற ஒருவர் எப்போது தகுதி பெறுவார்? ஆறு செயல்களில் குறைந்தது இரண்டை, 90 நாளாவது, பெருமளவு உதவி இல்லாமல் செய்ய முடியாதபோது. (கடுமையான மறதி நோய்க்குத் தனி வழி உண்டு.) எந்த ஆறு? சாப்பிடுவது, கழிப்பறை, எழுந்து மாறுவது, குளிப்பது, உடுத்துவது, அடக்குவது. கிளீவ்லாண்டு ஆஸ்பத்திரியில் இடுப்பு முறிந்தவர்கள் எப்படிக் குணமாகிறார்கள் என்று கவனிக்கப் போட்ட பட்டியல், முப்பத்து மூன்று வருஷத்தில் வரிச் சட்டத்தின் வரியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது ஒரு எழுத்து மாற்றம். காப்பீட்டில் அது பணம் கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் நடுவில் இருக்கும் கோடு. முதுகை மட்டும் தேய்த்துவிட்டால் அது குளியல் உதவியா இல்லையா என்பது அங்கே வழக்கறிஞர்கள் வாதாடும் கேள்வியாகிவிடும்!

ஜெர்மனி வேறு மாதிரி போனது. 1995-ல் தொடங்கிய அவர்களுடைய பராமரிப்புக் காப்பீடு நிமிஷத்தை எண்ணியது. ஒரு நாளைக்கு 90 நிமிஷ உதவி தேவைப்பட்டால் முதல் நிலை, மூன்று மணி நேரம் என்றால் இரண்டாவது, ஐந்து மணி நேரம் என்றால் மூன்றாவது. எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் வருகிற நேர ஆய்வு மாதிரியே இருக்கிறது. உடம்பு நன்றாக இருந்து மறதி நோய் வந்தவர்கள் இந்த நிமிஷக் கணக்கில் சரியாக விழவில்லை. கடைசியில் 2017-ல் நிமிஷத்தை விட்டுவிட்டு, ஒருவர் எவ்வளவு தானாகச் செய்துகொள்கிறார் என்பதை வைத்து ஐந்து நிலைகளாக மாற்றினார்கள்.

அமெரிக்கச் சட்டத்தை அப்பாயியிடம் ஒரு நாள் விளக்கினேன். வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு வேல முடியலன்னாத்தான் காசு தருவானா?"

"ஆமா அப்பாயி."

"அப்ப கஷ்டப்பட்டு ஒண்ணத் தேத்திக்கிட்டா காசு நின்னுடும்?"

"நின்னுடும்."

"தேறுற கெழவிக்கு நட்டந்தான் போ."

மூன்றாம் வருஷத்தில் எங்களுக்கு ஊக்கத்தொகை, தவறான தூண்டுதல் என்று ஒரு முழுப் பாடம் இருக்கிறது. அதை இவ்வளவு சுருக்கமாக யாரும் நடத்தியதில்லை.

லாட்டனோடு பட்டியல் போட்ட எலைன் பிராடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சமூகப் பணியாளர். முதியவரை அளக்கப் போனவர், பக்கத்தில் நின்ற மகளையும் மருமகளையும் கவனித்தார். ஒரு பக்கம் பிள்ளைகள், ஒரு பக்கம் வேலை, இன்னொரு பக்கம் வயதான பெற்றோர் என்று மாட்டிக்கொண்டவர்களை 'நடுவில் நிற்கும் பெண்கள்' என்று 1981-ல் எழுதினார். ஆறு கேள்வியிலும் பத்து கேள்வியிலும் 'உதவி தேவை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்த உதவியைச் செய்கிறவருக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை என்பது பிராடிக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஹோம் நர்ஸ் வைக்கவில்லை. தையல் மெஷின் துணி மூடியபடி ஏழு மாதம் கிடந்தது. அத்தை ஊருக்குப் போன பிறகு எல்லாம் அம்மாதான்.

அப்பாயி குணமான வரிசையை ஒரு நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன். சாப்பாடு முதல் நாளிலிருந்தே தானாகத்தான். எழுந்து மாறுவது ஐந்தாவது வாரம். கழிப்பறை, வாக்கரோடு, எட்டாவது வாரம். பொங்கலுக்குப் புதுப் புடவையைத் தானே கட்டினார், நாற்பது நிமிஷம், யாரையும் கிட்டே விடவில்லை. நாற்காலிச் சோதனை 52-லிருந்து 31, பிறகு 19. அந்த அண்ணன் 19 என்று சொன்னதும், "இன்னொரு தடவ வையி, 18 ஆக்கிடுறேன்" என்றார்.

மிச்சம் இருந்தது குளியல். போன வெள்ளிக்கிழமை சீயக்காயும் வெந்நீரும் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்த் தானே கதவைச் சாத்திக்கொண்டார். தாழ் மட்டும் போடவில்லை, அம்மா போட விடவில்லை. உள்ளே முக்காலியில் உட்கார்ந்து மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. அம்மா துண்டோடு கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஆள் நின்றால் காட்ஸ் விதிப்படி அது இன்னும் 'உதவி தேவை'தான், நோட்டில் டிக் போடக் கூடாது. உள்ளேயிருந்து அப்பாயி குரல் கொடுத்தார்: "நிக்கிறியாடி அங்க? போ, போய் மெஷின்ல உக்காரு."

அம்மா போகவில்லை. நான் பென்சிலை வைத்துவிட்டேன்.